விற்பனையில் வரி பூஜ்ஜியம் என்றால், வாங்கும்போது கட்டிய வரி என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: "பொருளை வெளிநாட்டுக்கு விற்கிறேன். பில்லில் வாட் 0 சதவீதம் என்று போடுகிறேன். வரியே வசூலிக்காத எனக்குப் பதிவு எதற்கு, ரிட்டர்ன் எதற்கு? வரிவிலக்குப் பொருள் விற்பவரும் வரி வாங்குவதில்லை, நானும் வாங்குவதில்லை. இரண்டும் ஒன்றுதானே?"

ஒன்றல்ல. வாங்குபவரின் கையில் உள்ள பில்லை மட்டும் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் முழுவதும் விற்பவரின் கொள்முதல் கணக்கில் ஒளிந்திருக்கிறது. உங்களுடையதைப் போன்ற பூஜ்ஜிய விகித விற்பனையைப் புரிந்துகொள்ள விற்பனைப் பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை, கொள்முதல் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி எப்படி நடக்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954-ல் பிரான்ஸில் மோரிஸ் லோரே என்ற வரி அதிகாரி வடிவமைத்து நடைமுறைக்கு வந்த முறை இது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் வாட் என்றோ ஜிஎஸ்டி என்றோ இதே இயந்திரம்தான் ஓடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் விற்பவர் விற்பனை விலைமீது வரி வசூலிக்கிறார். தான் வாங்கியபோது கொடுத்த வரியை, அதாவது உள்ளீட்டு வரியை, அதிலிருந்து கழித்துக்கொள்கிறார். மீதியை அரசுக்குக் கட்டுகிறார். கழிக்கும் உரிமை இருக்கும்வரை வணிகருக்கு இந்த வரி சுமையாவதில்லை. சுமை கடைசியில் பொருளைப் பயன்படுத்துபவரிடம் போய் நிற்கும். அந்த உரிமை எந்த இடத்தில் அறுகிறதோ அந்த இடத்தில் வணிகரே நுகர்வோர்போல வரியைச் சுமக்க வேண்டி வரும்.

இப்போது ஒரு கணக்கு. வரி விகிதம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரச்சாமான் பட்டறை மரம், பசை, வார்னிஷ் எல்லாம் சேர்த்து 60,000-க்கு வாங்குகிறது. அதன்மேல் 9,000 வரி கொடுக்கிறது. செய்த சாமான்களை 1,00,000-க்கு விற்கிறது. கூலி, வாடகையைக் கணக்குக்காக ஒதுக்கிவைப்போம்.

சாதாரண விற்பனையாக இருந்தால் வாங்குபவரிடம் 15,000 வரி வசூலாகும். அதில் 9,000 கழித்து 6,000 அரசுக்குப் போகும். பட்டறையின் கையில் நிற்பது 40,000. அதே சாமான் வரிவிலக்குப் பட்டியலில் இருந்தால் வரி எதுவும் வசூலிக்க வேண்டாம், ஆனால் 9,000-ஐக் கழிக்கவும் முடியாது. அது செலவோடு செலவாகக் கலந்துவிடும். அடக்கவிலை 69,000 ஆகும். கையில் நிற்பது 31,000. பழைய லாபம் வேண்டுமென்றால் விலையை 1,09,000-க்கு ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் வரிவிலக்குப் பொருளின் விலைக்குள்ளேயே வரி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், பில்லில் மட்டும் அது தெரியாது. வாங்குபவர் இன்னொரு வணிகராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மறைந்திருக்கும் அந்த 9,000-ஐ அவராலும் கழிக்க முடியாது, அவர் தன் விற்பனைக்குப் போடும் வரி அதன்மேலும் ஏறும். வரிக்கு மேல் வரி.

பூஜ்ஜிய விகிதம் என்றால் வசூலிப்பது 0. கட்ட வேண்டியது 0 கழித்தல் 9,000. அதாவது அரசு பட்டறைக்கு 9,000 திருப்பித் தர வேண்டும். கையில் நிற்பது மறுபடியும் 40,000, பொருளின் விலை 1,00,000. கட்டிய வரி அந்தப் பொருளிலிருந்து துப்புரவாக வெளியேறிவிடுகிறது. வரிவிலக்கில் விற்பவருக்குக் கிடைக்கும் 31,000-க்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

சட்டத்தின் பார்வையில் உங்களுடையது வரிக்கு உட்பட்ட விற்பனை. விகிதம் தற்செயலாக 0 ஆக இருக்கிறது, அவ்வளவுதான். பதிவு, ரிட்டர்ன், கணக்குப் புத்தகம் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பதிவு இல்லாவிட்டால் கழிக்கும் உரிமையும் இல்லை. ரிட்டர்ன் போடாவிட்டால் அந்த 9,000-ஐக் கேட்க வழியே இல்லை. பதிவுக்கான ஆண்டு விற்பனை வரம்பைக் கணக்கிடும்போது பூஜ்ஜிய விகித விற்பனையும் பொதுவாகச் சேரும். வரிவிலக்கு விற்பனையைச் சேர்க்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் வரம்பு 2024 ஏப்ரல் முதல் 90,000 பவுண்டு. பூஜ்ஜிய விகிதம் அதில் சேரும், வரிவிலக்கு சேராது. முழுக்கப் பூஜ்ஜிய விகிதத்திலேயே விற்பவர் விரும்பினால் பதிவிலிருந்து விலக்குக் கேட்கவும் அங்கே இடமுண்டு. கொள்முதலில் வரி மிகக் குறைவாக இருந்தாலொழிய நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். திரும்பி வரும் பணத்தைத் தானே கைவிடுவது அது.

பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் ஏற்றுமதியை வரிவிலக்கு என்றே எழுதிவிட்டு, கழிக்கும் உரிமையைத் தனியாகக் கொடுக்கிறது. இந்திய ஜிஎஸ்டி-யில் ஏற்றுமதியும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு விற்பதும்தான் பூஜ்ஜிய விகிதம். 'நில் ரேட்' என்று அட்டவணையில் 0 போட்டிருக்கும் உள்நாட்டுப் பொருள் வரிவிலக்குக் கணக்கில்தான் சேரும், உள்ளீட்டு வரி திரும்பாது. அதனால் எந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தாலும் 0 என்ற எண்ணைத் தேடாதீர்கள். இந்த விற்பனைக்காக வாங்கியவற்றின் வரியைக் கழிக்கலாமா என்று மட்டும் தேடுங்கள்.

ஏற்றுமதிக்கு ஏன் இந்த ஏற்பாடு? இது நுகர்வின் மேல் போடும் வரி. பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த நாடு வரி போட வேண்டும் என்பது பொது ஒப்புதல். அனுப்பும் நாடு தன் வரியை முழுக்கக் கழற்றி அனுப்பும், இறக்குமதி செய்யும் நாடு சுங்கத்தில் தன் வாட்டை மாட்டும். இரண்டு நாடுகளும் வரி போட்டால் பொருள் விலை போகாது. இரண்டும் விட்டுவிட்டால் உள்ளூர் உற்பத்தியாளர் போட்டியில் தோற்பார். உள்நாட்டு நுகர்வுக்கான இப்படிப்பட்ட வரியை ஏற்றுமதியில் திருப்பித் தருவது, கட்டிய தொகையைத் தாண்டாதவரை, மானியம் ஆகாது என்று உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தமே சொல்கிறது. ஏற்றுமதியாளர்களுக்கு அரசு சலுகை கொடுக்கிறது என்று சிலர் பேசுவது அதனால் சரியில்லை. உங்கள் பணத்தை வாங்கி வைத்திருந்து உங்களிடமே தருவதில் சலுகை எங்கே இருக்கிறது?

உள்நாட்டு விற்பனைக்குப் பூஜ்ஜிய விகிதம் கொடுப்பது வேறு கதை. பிரிட்டன் 1973-ல் வாட் கொண்டுவந்த நாள்முதல் பெரும்பாலான உணவுப் பொருள்கள், புத்தகம், குழந்தைகள் உடை ஆகியவற்றை 0-வில் வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சோள மாவு, பழுப்பு ரொட்டி போன்ற அடிப்படை உணவுகள் அப்படி. நோக்கம் நல்லது. ஆனால் எல்லைக்கோடு எங்கே கிழிப்பது என்பதில் எப்போதும் வழக்குதான். பிரிட்டனில் கேக்குக்கு 0, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு முழு வரி. ஆரஞ்சு ஜெல்லி வைத்து சாக்லேட் பூசிய ஜாஃபா கேக் இதில் எது என்று 1991-ல் தீர்ப்பாயம் வரை போனார்கள். நாள்பட்டால் பிஸ்கட் நமுத்துப்போகும், கேக் இறுகிப்போகும், இது இறுகுகிறது என்பதும் பார்க்கப்பட்ட அம்சங்களில் ஒன்று. கேக் என்றே தீர்ப்பு வந்தது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் உங்கள் பொருள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் வகைப்பாட்டை எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளாமல் 0 போடத் தொடங்காதீர்கள். நான்கைந்து ஆண்டு விற்பனைக்குச் சேர்த்து நோட்டீஸ் வரும்போது, பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப்பிடித்து வரி கேட்க முடியாது.

சேவைகள் இன்னும் வழுக்கலானவை. பொருள் எல்லை தாண்டியது என்பதற்குச் சுங்கத்தின் தாள் இருக்கும். ஒரு வடிவமைப்பு, ஓர் ஆலோசனை, ஒரு மென்பொருள் எங்கே நுகரப்பட்டது என்பதற்கு எந்தத் தாளும் கிடையாது. அதனால் சட்டங்கள், வாங்குபவர் எங்கே நிலைகொண்டிருக்கிறார் என்பதைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்கின்றன. அதிலும் விதிவிலக்கு உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கட்டட வரைபடம் போட்டுக்கொடுத்தாலும், கட்டடம் உங்கள் நாட்டிலேயே எழும்புகிறது என்றால் அது உள்நாட்டுச் சேவைதான். வெளிநாட்டு நிறுவனத்துக்கு உள்ளூரில் ஆள்பிடித்துத் தரும் இடைத்தரகர் வேலையிலும் பல நாடுகளில் இதே சண்டை நடக்கிறது. சில நாடுகள் பணம் அந்நியச் செலாவணியாக வர வேண்டும் என்றும் கேட்கும். இந்தியாவில் சேவை ஏற்றுமதிக்கு அது ஒரு நிபந்தனை, ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடங்களில் ரூபாயாகவும் வரலாம். வெளிநாட்டுக்காரர் பணம் தருகிறார் என்பது மட்டும் போதாது.

இனி ஆவணங்கள். பூஜ்ஜிய விகிதத்தில் நிஜமான வேலை இங்கேதான். பொருள் வெளியே போனதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, வரித்துறையுடையது அல்ல. சுங்க அறிவிக்கை, சரக்கை ஏற்றியதற்கான ரசீது (கப்பல் என்றால் பில் ஆஃப் லேடிங், விமானம் என்றால் ஏர்வே பில்), இன்வாய்ஸ், ஆர்டர், வங்கியில் பணம் வந்த சான்று ஆகியவை இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் வேண்டும். இன்வாய்ஸில் 480 நாற்காலி, சுங்க அறிவிக்கையில் 460, கன்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் பிசகு என்றால் ரீஃபண்ட் கோப்பு மேசையிலேயே தூங்கும். சுங்கத் தாளில் ஏற்றுமதியாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சரக்கு அனுப்பும் ஏஜென்ட் தன் பெயரைப் போட்டுவிட்டால் வரித்துறையின் கண்ணில் ஏற்றுமதி செய்தது அவர்தான். 'எக்ஸ் வொர்க்ஸ்' விலையில் விற்று, வாங்குபவரே வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவது விற்பவருக்குச் சௌகரியம் போலத் தெரியும். சான்றுத் தாள் முழுக்க அவர் கையில் போய்விடும் என்பதால் அதை ஆகவும் ஆபத்தான ஏற்பாடு என்றே சொல்வேன்.

காலக்கெடுவும் உண்டு. பிரிட்டனில் பொதுவாக 3 மாதத்துக்குள் பொருள் நாட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும், சான்றும் கையில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே விற்பவர்கள், 2020 முதல், வாங்குபவரின் வாட் எண்ணைப் பெற்று அந்த விற்பனையை, வாங்குபவர் வாரியாக வரித்துறைக்குத் தரும் தொகுப்பு அறிக்கையிலும் காட்டினால்தான் 0 நிற்கும். அதற்கு முன் இவற்றில் குறையிருந்தால் அபராதத்தோடு தப்பலாம் என்ற நிலை இருந்தது. பில்லின் வடிவத்தைக்கூட இலேசாக நினைக்காதீர்கள். பிலிப்பைன்ஸில் நகலெடுக்கும் இயந்திரங்களை ஏற்றுமதி செய்த ஒரு நிறுவனம், இன்வாய்ஸில் 'ஜீரோ ரேட்டட்' என்ற சொற்களை அச்சிடவில்லை என்பதற்காகவே ரீஃபண்டை இழந்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010-ல் அதை உறுதி செய்தது. பொருள் உண்மையில் ஏற்றுமதியானதா என்பது அங்கே காப்பாற்றவில்லை.

அரசுகள் ஏன் இத்தனை கெடுபிடி செய்கின்றன என்பதற்கும் காரணம் இருக்கிறது. மற்ற வரிகளில் ஏமாற்றுபவர் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விடுவார். இதில் கஜானாவிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டே போகலாம். ஐரோப்பாவில் நடந்த சுழல் மோசடியைப் பாருங்கள். முதல் நாட்டுக்காரர் கைப்பேசிகளை 0-வில் பக்கத்து நாட்டுக்கு விற்கிறார். அங்கே வாங்கியவர் வரி சேர்த்து உள்ளூரில் விற்று, வசூலித்த வரியைக் கட்டாமல் மறைந்துவிடுகிறார். பெட்டிகள் இரண்டு மூன்று கை மாறுகின்றன. கடைசி ஆள் அதே பெட்டிகளை மறுபடி 0-வில் வெளிநாட்டுக்கு அனுப்பி, தான் கொடுத்த வரியை அரசிடம் ரீஃபண்டாக வாங்குகிறார். அரசுக்கு வராத வரியை அரசே திருப்பித் தருகிறது. அதே பெட்டிகள் மறுபடி சுற்றுக்கு வரும். பிரிட்டன் 2007 ஜூனில் கைப்பேசிக்கும் கணினிச் சில்லுக்கும் வரி கட்டும் பொறுப்பை விற்பவரிடமிருந்து வாங்குபவர்மேல் மாற்றியது இதனால்தான். சங்கிலியில் மோசடி இருப்பது தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வாங்கியவருக்குக் கழிக்கும் உரிமை இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்தது. உங்களுக்கு மலிவாகச் சரக்குத் தரும் புதிய சப்ளையர் யார், அவருடைய பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது இதனால் உங்கள் வேலையும் ஆகிவிட்டது.

நேர்மையான ஏற்றுமதியாளருக்கு இதெல்லாம் காலதாமதமாக வந்து விடிகிறது. என் பார்வையில் பூஜ்ஜிய விகிதத்தின் உண்மையான செலவு இந்தக் காத்திருப்புதான். மேலே சொன்ன பட்டறை மாதாமாதம் அதே அளவு ஏற்றுமதி செய்து, ரீஃபண்ட் 4 மாதம் கழித்து வருகிறது என்றால் எந்த நேரத்திலும் 36,000 அரசிடம் மாட்டிக்கொண்டிருக்கும். வட்டிக்கு வாங்கிய பணம் என்றால் லாபத்தில் ஒரு பகுதி சத்தமில்லாமல் கரையும். வியாபாரம் இரட்டிப்பானால் மாட்டிக்கொள்ளும் தொகையும் இரட்டிப்பாகும். வேகமாக வளர்பவருக்குத்தான் இந்த இறுக்கம் அதிகம். புதிதாகத் தொழிற்சாலை போடுபவருக்கோ முதல் ஏற்றுமதி கிளம்பும் முன்பே இயந்திரங்களுக்குக் கட்டிய வரி பெரிய தொகையாக நிற்கும்.

இதைத் தணிக்கச் சில வழிகள் உண்டு. காலாண்டு ரிட்டர்னிலிருந்து மாத ரிட்டர்னுக்கு மாற அனுமதி இருந்தால் மாறிவிடுங்கள். இரண்டு மாதம் வரை காத்திருப்பு அங்கேயே குறையும். உள்நாட்டு விற்பனையும் இருந்தால் அதில் வசூலான வரியோடு உள்ளீட்டு வரியை நேர் செய்துகொண்டு மீதிக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். சில நாடுகள் ஏற்றுமதியாளருக்குத் தேவையான மூலப்பொருளையே வரி இல்லாமல் வாங்க விடுகின்றன, அப்போது திரும்பி வர வேண்டிய தொகையே உருவாகாது. இந்தியாவில் ஏற்றுமதியாளருக்கு இரண்டு வழி: உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் அனுப்பிவிட்டு, சேர்ந்திருக்கும் உள்ளீட்டு வரியைக் கேட்பது ஒன்று. ஏற்றுமதிக்கே வரி கட்டி அனுப்பிவிட்டு அந்த வரியைத் திரும்பக் கேட்பது மற்றொன்று, சில பொருள்களுக்கு மட்டும் இது கிடையாது. விண்ணப்பிக்க 2 ஆண்டுக் கெடு. எந்த நாடானாலும் இந்தக் கெடுவை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். கெடு தாண்டிய ரீஃபண்டுக்கு அனுதாபம் கிடைக்கும், பணம் கிடைக்காது.

சப்ளையர் உங்களுக்குத் தவறாக வரி போட்டு பில் கொடுத்தால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்பதுண்டு. 0-வில் விற்க வேண்டிய பொருளுக்கு அவர் 15 போட்டிருந்தால், பல நாடுகளில் அதை நீங்கள் உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது, சட்டப்படி அது வரியே அல்ல. பில்லைத் திருத்தி வாங்குவதுதான் வழி.

வரிவிலக்கு விற்பனையும் கலந்திருக்கும் நிறுவனத்துக்கு இன்னொரு கணக்கு வேண்டும். சாதாரண விற்பனை 4,00,000, பூஜ்ஜிய விகிதம் 3,00,000, வரிவிலக்கு 3,00,000, எல்லாவற்றுக்கும் பொதுவான அலுவலகச் செலவில் கட்டிய வரி 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை விகிதப்படி பிரித்தால் கழிக்கக்கூடியது 10-ல் 7 பங்கு, அதாவது 14,000. பூஜ்ஜிய விகிதத்தையும் வரிவிலக்கையும் ஒரே தலைப்பில் எழுதிவைக்கும் கணக்காளர் இதை 10-ல் 4 என்று போட்டு 8,000-தான் கழிப்பார். கணினியில் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்தாலே இந்த 6,000 மிஞ்சும்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் ஒரு வாசகம். சான்று கிடைக்காமல் 0 மறுக்கப்பட்டால் விற்பனை சாதாரண விகிதத்துக்கு விழும். வரி பற்றி ஒப்பந்தம் எதுவும் பேசவில்லை என்றால், வாங்கிய 1,00,000-க்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது என்று பல நாடுகளில் எடுத்துக்கொள்வார்கள். 15 சதவீதத்தில் அது 13,043. பட்டறையின் 40,000-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே நோட்டீஸில் போய்விடும். "விலை வரி நீங்கலாக, பூஜ்ஜிய விகிதம் மறுக்கப்பட்டால் வரியை வாங்குபவர் தர வேண்டும், ஏற்றுமதிச் சான்றுகளைக் கெடுவுக்குள் வாங்குபவர் அனுப்ப வேண்டும்" என்று எழுதி, முதல் ஆர்டரை அனுப்பும் முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.